எடை குறையாத மனிதர்

அந்த மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் அவளுக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, நர்ஸுகள் வைத்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஊரறிந்த ரகசியத்தை மூடி வைத்தால் என்ன, திறந்து வைத்தால் என்ன என்று அவளும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டாள். வீட்டில் அவள் கணவன் மட்டும் துணிந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். அதுவும் அவன் சமையலில் உப்பு கூடிப்போச்சு என்று அவள் குறை சொல்லும் நாட்களில்.

மருந்தாளுநர் வேலை அவளுக்கு. மருந்தாளுநர் என்றால் சீட்டை வாங்கி மாத்திரையை எண்ணிக் கொடுப்பவர் என்றுதான் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அவளுடைய மாமியாரே வெகுகாலம் அப்படித்தான் நினைத்து, சொந்தமாகக் கடை எப்போது வைக்கப் போகிறாய் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். புற்றுநோய்ப் பிரிவில் சங்கதியே வேறு. கீமோ மருந்து என்பது அளந்து கொடுக்கிற விஷம். கூடினால் ஆளைச் சாய்க்கும், குறைந்தால் நோய் தலையெடுக்கும். ஒவ்வொரு தடவையும் நோயாளியின் எடையையும் உயரத்தையும் வைத்து டாக்டர் ஓர் அளவை எழுதி அனுப்புவார். அந்தக் கணக்கை இவள் தன் கையால் மறுபடி போட்டுப் பார்ப்பாள். ரத்த அணுக்கள் போதுமா, சிறுநீரகம் தாங்குமா, கல்லீரல் ஒத்துழைக்குமா, வீட்டில் யாருக்கும் தெரியாமல் வேறு ஏதாவது கஷாயம் உள்ளே போகிறதா என்று அத்தனையும் பார்த்த பிறகுதான் கையெழுத்து. அவள் கையெழுத்து விழாமல் மருந்து கலக்கும் அறையில் ஒருவரும் குப்பியைத் தொட மாட்டார்கள். பெரிய டாக்டரே “தராசு பார்த்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார்.

கணக்கோடு நின்றால் அது பாதி வேலைதான். மீதிப் பாதி படுக்கையோரம். எந்த மாத்திரை வாந்திக்கு, எது வலிக்கு, வாய் புண்ணானால் என்ன செய்வது, காய்ச்சல் வந்தால் எவ்வளவு அவசரமாக ஓடி வர வேண்டும் என்று ஒவ்வொரு நோயாளியிடமும் அவளே போய்ச் சொல்வாள். ஒரு தடவை சொன்னால் பயத்தில் யார் காதிலும் ஏறாது. அதனால் இரண்டு தடவை சொல்வாள், பிறகு அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்வாள்.

லாரிக்காரரை அவள் முதலில் பார்த்தது அப்படி ஒரு படுக்கையோரத்தில்தான். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். மலை மாதிரி உடம்பு. கீமோ நாற்காலியில் அவர் உட்கார்ந்தபோது அது முனகியது. குடலில் ஆரம்பித்து ஈரலுக்கும் தாவிவிட்ட நோய். மருந்து விவரங்களை அவள் விளக்கி முடித்து, திருப்பிச் சொல்லுங்கள் என்றதும், “பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கத் தெரியாமதான் ஸ்டியரிங்கைப் பிடிச்சேன். இங்கயும் அதே கதையா தங்கச்சி?” என்றார். அவர் தங்கச்சி என்று கூப்பிட்டதால் அவர் அண்ணன் ஆனார். அவர் பக்கத்தில் வாயே திறக்காமல் நின்றுகொண்டிருந்த மனைவி, யாரும் கேட்காமலே அண்ணி ஆகிவிட்டாள். நம் மொழியில் உறவு சொல்லிக் கூப்பிட்டால் அவ்வளவு லேசில் கழன்றுகொள்ள முடியாது.

அண்ணி திரைச்சீலை தைப்பவள். கல்யாண மண்டபங்களுக்கும் ஓட்டல்களுக்கும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு திரைகளைத் தைத்துக் கொடுப்பாள். பேச்சு குறைவு, ஆனால் கேட்ட விஷயத்தைப் பிடித்துக்கொள்வாள். மருந்து ஏறும் நேரமெல்லாம் கையில் ஏதாவது துணியும் ஊசியும் இருக்கும். இதைக் குணமாக்க முடியாது, இழுத்துப் பிடிக்கலாம் என்று டாக்டர் முதல் நாளே பக்குவமாகச் சொல்லியிருந்தார். லாரிக்காரர் முன்பாதியைக் கேட்டுக்கொண்டார். அண்ணி பின்பாதியை மட்டும் கேட்டுக்கொண்டாள்.

இரண்டாவது தடவை வந்தபோது எடை சட்டென்று இறங்கியிருந்தது. இப்படியே போனால் மருந்தை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும், இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார். அவருக்கு அது நாளுக்கு நாலு பேரிடம் சொல்லும் வாக்கியம். அண்ணிக்கு அது தலையில் இடி. அவள் தெருவில் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இதே போல மருந்தை நிறுத்தினார்கள், நிறுத்திய மாதமே அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நிறுத்தினார்கள், செத்தாள். அண்ணியின் கணக்கு அவ்வளவுதான். செத்துக்கொண்டிருந்ததால்தான் நிறுத்தினார்கள் என்று அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுக் காட்ட அவளுக்கு யாரும் இருக்கவில்லை.

அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. உடம்பில் ஏறிய பிறகு குளிர் பட்டால் ஆயிரம் ஊசி குத்தியது போல் இருக்கும். இரும்புக் கம்பியைத் தொட முடியாது, பச்சைத் தண்ணீர் குடிக்க முடியாது. அதனால் ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் கனமான கம்பளிக் கோட்டு ஒன்று போட்டிருக்கட்டும் என்று அண்ணியிடம் சொன்னது தராசுதான். மூன்றாவது தடவை லாரிக்காரர் கறுப்புக் கோட்டோடு வந்து இறங்கினார். குளிரில் வெடவெடக்கிற மனிதரைக் கோட்டைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறச் சொல்ல நர்ஸுக்கு மனசு வரவில்லை. கோட்டோடு நிறுத்தி, கோட்டுக்கு ஒரு கிலோவைக் கழித்துக்கொண்டாள். எடை குறையவில்லை. டாக்டருக்குச் சந்தோஷம். நாலாவது தடவையும் குறையவில்லை. ஐந்தாவது தடவையும் குறையவில்லை.

தராசுக்கும் சந்தோஷம்தான். அவளுக்குச் சந்தோஷப்பட இன்னொரு காரணமும் இருந்தது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தைக் காட்டும் எண் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறங்கிக்கொண்டே வந்தது. அந்த எண் ஏறினால்தான் கவலை, இறங்கினால் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். “சிறுநீரகம் இளவட்டம் மாதிரி ஓடுது அண்ணே” என்று அவரிடமே சொன்னாள். அது ஒன்றாவது இளவட்டமாக இருக்கட்டும் என்று அவர் சிரித்தார். சிரிக்கும்போது கன்னத்தில் இரண்டு பள்ளம் விழுந்தது. முன்பு அந்தப் பள்ளம் இல்லை.

எல்லோரும்தான் பார்த்தார்கள். சட்டைக் காலருக்குள் கழுத்து ஒரு குச்சியாக நின்றதைப் பார்த்தார்கள். மணிக்கட்டில் கடிகாரம் வளையல் போல இறங்கி ஏறியதைப் பார்த்தார்கள். ஆனால் எடை அப்படியே இருக்கிறதே என்று காகிதத்தைப் பார்த்துச் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். உடம்பில் நீர் கோத்திருக்கும் என்றார் ஒருவர். கண்ணால் காண்பதும் பொய் என்று பழமொழி சொல்கிறது. இங்கே கண்தான் உண்மையைச் சொன்னது, அதன் பேச்சை யாரும் கேட்கவில்லை. படித்தவர்களுக்கு வரும் வியாதி இது. எழுதி வைத்த எண் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் எதிரில் நிற்கிற ஆள் மறைந்துபோவார்.

ஆறாவது தடவை லாரிக்காரரால் பேசவே முடியவில்லை. வாயெல்லாம் புண். உதடு வெடித்திருந்தது. அளவைக் கொஞ்சம் குறைத்துப் போடலாம் என்று டாக்டரும் தராசும் பேசி முடிவு செய்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள், மருந்து கலக்க ஆரம்பித்தார்கள். அதற்குள் வாய்ப்புண்ணுக்கு என்ன செய்யலாம் என்று பார்க்க அவள் சின்ன டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

ஊசி குத்துவதற்காக அண்ணி கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் கிடந்த நாற்காலியின் முதுகில் போட்டிருந்தாள். அவர் மேல் ஆஸ்பத்திரிப் போர்வை. கண் மூடியிருந்தது. உட்காருவதற்காக அவள் அந்த நாற்காலியை அவர் பக்கம் இழுத்தபோது கோட்டு நழுவித் தரையில் விழுந்தது. துணி விழுகிற சத்தம் இல்லை அது. குனிந்து ஒரு கையால் எடுத்தாள். வரவில்லை. இரண்டு கையையும் கொடுத்துத் தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்க வேண்டியிருந்தது. விளிம்பைத் தடவினாள். மடித்துத் தைத்த இடம் முழுக்கக் கெட்டியாக, சின்னச் சின்னதாக, வரிசையாக ஏதோ ஓடியது. உள்துணிக்குக் கீழே, அக்குளுக்கடியில், முதுகில் என்று எங்கே தொட்டாலும் இருந்தது. திரைச்சீலை காற்றில் அலையாமல் நேராகத் தொங்க அடிவிளிம்பில் ஈயத் துண்டு வைத்துத் தைப்பார்கள் என்று அண்ணி எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

நிமிர்ந்தபோது வாசலில் ஃப்ளாஸ்கும் கையுமாக அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். மருந்து கலந்து முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். பை வந்துவிட்டால் நர்ஸ் மாட்டிவிடுவாள். கோட்டில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று மட்டும் தராசு கேட்டாள். அண்ணி மறைக்கவில்லை. முதலில் கொஞ்சம்தான் வைத்தாளாம். அவர் இளைக்க இளைக்க, வீட்டு மெஷினில் நிறுத்திப் பார்த்து, இறங்கிய அளவுக்குச் சரியாக ஈயத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். அவருக்குத் தெரியாதாம். கோட்டைப் போட்டுவிடுவதும் கழற்றுவதும் அவள்தானாம். அவள் சொன்ன எடையை அவர் எடையிலிருந்து தராசு மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். சிறுநீரக எண் ஏன் இறங்கிக்கொண்டே வந்தது என்பதும் அந்த நொடியில் விளங்கிவிட்டது. அந்த எண் சதையிலிருந்து வருவது. சிறுநீரகம் இளவட்டம் ஆகவில்லை, மனிதரின் உடம்பில் சதையே இல்லாமல் போயிருக்கிறது.

“இந்த ஒரு தடவை மட்டும் விட்டுடும்மா. அடுத்த தடவை நானே டாக்டர்கிட்ட சொல்லிடுறேன்.”

“முடியாது அண்ணி.”

“நிறுத்திடுவாங்க. நிறுத்தினா அவரு போயிடுவாரு.”

சொல்லலாமா வேண்டாமா என்று தராசு யோசித்தாள். யோசிக்க நேரமில்லை. “போட்டாலும் போயிடுவாரு அண்ணி. இந்தப் பையை மாட்டினா இன்னும் சீக்கிரமா போயிடுவாரு.”

அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். “தங்கச்சின்னு கூப்பிட்டாரே உன்னை.”

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். தராசு சுவர் டெலிபோனை எடுத்து, கலக்கும் அறைக்குப் பேசி, அந்தப் பையை ஒதுக்கி வைக்கச் சொன்னாள். அடுத்து டாக்டருக்குப் பேசினாள். கோட்டு இல்லாமல் லாரிக்காரரை இரண்டு பேர் பிடித்து எடை மெஷினில் நிறுத்தினார்கள். வந்த எண்ணைப் பார்த்து, மெஷின் கெட்டுப்போச்சா என்று நர்ஸ் அதைத் தட்டிப் பார்த்தாள். மெஷின் கெடவில்லை. டாக்டர் வந்தார், யாரையும் கோபிக்கவில்லை, மருந்தை நிறுத்திவிட்டு அவரை வார்டில் சேர்த்தார்.

அன்று முதல் அந்தப் பிரிவில் யாராக இருந்தாலும் கோட்டையும் செருப்பையும் கழற்றிவிட்டுத்தான் எடை என்று ஆயிற்று. கெட்ட பின்புதானே ஞானி. தவறு எல்லோருடையதும்தான் என்று பெரிய டாக்டர் தராசிடம் சொன்னார். எல்லோருடையதும் என்றால் ஒருவருடையதும் இல்லை என்று ஆகிவிடும், அந்தப் பங்கீடு அவளுக்கு ஒத்துவரவில்லை. வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, நீ என்ன செய்வாய், எழுதியிருந்ததை நம்பினாய் என்று ஆறுதல் சொன்னான். “நம்புறது என் வேலை இல்லையே” என்றாள் அவள். சாப்பாடு அப்படியே ஆறிப்போனது.

லாரிக்காரர் வார்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பவே இல்லை. இனி கீமோ கிடையாது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். வலி மருந்தின் அளவைப் பார்க்க தராசு தினமும் போனாள். அவள் போனால் அண்ணி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாள். பேச்சில்லை. மருந்தை நிறுத்திய பிறகு வாய்ப்புண் மெல்ல ஆறியது. அவரால் நாலு வாய் கஞ்சி விழுங்க முடிந்தது, நாலு வார்த்தை பேச முடிந்தது. ஆறிய வாயால் அவர் முதலில் செய்தது, ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் திட்டியதுதான்.

ஒரு மத்தியானம் அண்ணி கீழே வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். லாரிக்காரர் கையை அசைத்துத் தராசைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“அவ மேல கோவமா தங்கச்சி?”

தன்மேல்தான் கோபம் என்றாள் அவள். உங்களை ஏமாற்றியதாக அண்ணி உள்ளுக்குள் நொந்துபோயிருக்கிறாள், அவளிடம் நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசுங்கள் என்றும் சொன்னாள்.

“காலம் பூரா லோடு அடிச்சவன் நான். வண்டியில ஒரு மூட்டை கூட ஏறினாலும் சீட்டுல உக்காந்தாலே தெரியும். என் மேல ஏத்தினது எனக்குத் தெரியாதா?”

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். முதல் தடவை போட்டுவிட்டபோதே தெரியும் என்றார். அன்று மெஷினில் எண் சரியாக வந்ததும் அண்ணி வீட்டுக்குப் போய் வெகுநாளைக்குப் பிறகு அசந்து தூங்கினாளாம். அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாராம். அடுத்த தடவையும் போட்டுக்கொண்டாராம்.

“சொல்லியிருக்கலாமே அண்ணே. எவ்வளவு வேதனைப்பட்டீங்க.”

“சொன்னா அவ என்ன பண்ணுவா? அவ கையில ஊசி இருக்கணும். ஏதோ செஞ்சு என்னைக் காப்பாத்துறோம்னு ஒரு நெனப்பு இருக்கணும். அதுவும் இல்லைன்னா எனக்கு முன்னாடி அவ போயிடுவா.” மூச்சு வாங்கியது. நின்று, திரும்பவும் பேசினார். “நீ அவகிட்ட சொல்லிடாத. என்னை ஏமாத்திட்டோம்னு நெனச்சா அழுவா. நான் ஏமாறலைன்னு தெரிஞ்சா அதைவிட அழுவா.”

அவள் தலையை ஆட்டினாள். சரி என்று வாயால் சொல்லவில்லை. ஆனால் சாகக் கிடக்கிறவர் முன் தலையை ஆட்டினால் அது சத்தியம்தான். அண்ணி வெந்நீரோடு வந்துவிட்டாள். தராசு வலி மருந்தின் அளவைக் குறித்துக்கொண்டு வெளியே போனாள்.

அதற்குப் பிறகு அவர் வெகுநாள் இருக்கவில்லை. ஒரு விடியலில் தூக்கத்திலேயே போனார். தராசு வேலைக்கு வந்தபோது படுக்கைக்கு வேறு விரிப்பு மாற்றியிருந்தார்கள். அறையில் நின்று பார்த்தாள். பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒவ்வொருவருக்காகவும் அழுவாள், போகப்போகக் கண் வற்றிவிட்டது என்று நினைத்திருந்தாள். வற்றவில்லை.

இறந்தவர் வீட்டில் மிஞ்சிய மருந்துகளை, அதுவும் வலி மருந்துகளை, வீட்டில் வைத்திருக்கக் கூடாது. யாராவது ஒருவர் ஒரு நாள் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்து மருந்தகத்தில் ஒப்படைப்பார்கள். அழித்துவிடுவது மருந்தாளுநர் பொறுப்பு. அந்தப் பிரிவில் எல்லோருக்கும் பிடிக்காத வேலை அது. பாதி தீர்ந்த அட்டைகளும் திறக்காத புட்டிகளும் ஆளில்லாத வீட்டின் வாசனையோடு வந்து சேரும். காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து அண்ணியும் அப்படி ஒரு பையோடு ஜன்னலுக்கு வந்து நின்றாள். வேறு ஜன்னலில் கூட்டமில்லை. இருந்தும் தராசு உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கே வந்தாள்.

தராசு பையை வாங்கி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அண்ணி போகவில்லை. அவள் இளைத்திருந்தாள். விரல்களில் ஊசி குத்திய தடமெல்லாம் ஆறிப்போயிருந்தது. தைப்பதை விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

“ஒண்ணு கேட்கணும். கணக்குல நீ பொய் சொல்ல மாட்டன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“கேளுங்க அண்ணி.”

“நான் அதைத் தைக்காம இருந்திருந்தா, இன்னும் எத்தனை நாள் இருந்திருப்பாரு?”

இந்தக் கேள்வி வரும் என்று தராசுக்குத் தெரியும். அதற்கான கணக்கையும் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டாள். ஒரு நாள்கூட இருந்திருக்க மாட்டார், விதி அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் அண்ணி நம்பிக்கொண்டு போய்விடுவாள். நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வரவில்லை.

மருந்து கூடிப்போனது கொஞ்சம்தான், அது மட்டும் அவரைக் கொல்லவில்லை என்று சொன்னாள். எடை இறங்கியது தெரிந்திருந்தால் முன்னாலேயே நிறுத்தியிருப்பார்கள். வாய் புண்ணாகியிருக்காது, ஏதாவது பிடித்ததைச் சாப்பிட்டிருப்பார். சில வாரம் கூடுதலாக இருந்திருக்கலாம், ஒரு மாதமாகவும் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். நோய் எப்படியும் விட்டிருக்காது. பிறகு தன் பங்கையும் சொன்னாள். அவர் சதை கரைவதைக் காட்டிய எண் ஒவ்வொரு தடவையும் தன் மேஜைக்கு வந்தது, அதைப் பார்த்துத் தான் சந்தோஷப்பட்டது, கோட்டு போடச் சொன்னதே தான்தான் என்பது, எல்லாம்.

“தைச்சது நீங்க. ஆனா கலந்து குடுத்தது நான். பாதி என்னோடது அண்ணி.”

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கண் கலங்கியது, வழியவில்லை. சாப்பிட்டிருப்பார் என்பதை மட்டும் ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இதையெல்லாம் தாங்கிக்கொள்ள முடிகிறது என்றாள். தாங்க முடியாதது வேறு. ஒவ்வொரு தடவையும் மெஷினில் ஏறி, எண்ணைப் பார்த்துவிட்டு, அவர் திரும்பி இவளைப் பார்த்துச் சிரிப்பாராம். உடம்பு தேறிவருகிறது என்று நம்பித்தானே அந்தச் சிரிப்பு.

“பச்சப் புள்ள மாதிரி நம்பினாரு. நம்பின மனுஷனை ஏமாத்தி அனுப்பிட்டேன். ராத்திரி கண்ணை மூடினா அந்தச் சிரிப்புதான் வருது. அதோட எப்படிம்மா நான் இருக்கிறது?”

தராசு கவுண்டரில் கிடந்த மாத்திரை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். இறந்தவருக்குத் தலையாட்டியிருக்கிறாள். சொன்னால் அதைவிட அழுவாள் என்று அவர் சொன்னது காதிலேயே இருக்கிறது. கட்டியவளை அவரைவிட வேறு யாருக்குத் தெரியும். சொல்லாவிட்டாலோ இந்தப் பெண் தன்னைத் துரோகி என்று நினைத்துக்கொண்டே மிச்ச நாளைக் கழிப்பாள். ஒன்று நடக்காத துரோகம். மற்றொன்று நடந்த வேதனை. எது கனம் என்று நிறுத்துப் பார்க்க உலகத்தில் ஒரு மெஷினும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கணக்குப் பார்க்காமல் வாயைத் திறந்தாள்.

“அவரு நம்பல அண்ணி. அவருக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நீங்க வெச்சது. முதல் தடவையிலருந்தே. நீங்க நிம்மதியா தூங்கணும்னு போட்டுக்கிட்டாரு. என்கிட்ட சொன்னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னாரு.”

அண்ணியின் முகத்தில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் ஒரு தெளிவுகூட வந்து போனது. ஏமாற்றவில்லை, தான் யாரையும் ஏமாற்றவில்லை என்ற தெளிவு. தராசு அதைப் பார்த்தாள், அப்பாடா என்று மூச்சு விட்டாள். பிறகு அந்தத் தெளிவு போய்விட்டது. அண்ணியின் கை கவுண்டரின் விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது. தெரிந்துகொண்டேவா அதைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார், தெரிந்துகொண்டேவா அத்தனை மருந்தையும் ஏற்றிக்கொண்டார் என்று கேட்டாள். யாரிடம் கேட்கிறாள் என்று தெரியவில்லை.

தராசு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து அவள் தோளைப் பிடித்து அங்கிருந்த பெஞ்சில் உட்கார வைத்தாள். அண்ணி அழுதாள். புருஷன் செத்ததற்கு அழுகிற பெண்களின் அழுகையைத் தராசு வார்டில் எத்தனையோ பார்த்திருக்கிறாள். இது அதைவிடப் பெரிய அழுகை. சீட்டோடு நின்றவர்கள் சத்தம் போடாமல் அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்துகொண்டார்கள்.

“ஒரு வார்த்தை,” என்றாள் அண்ணி. “பாரமா இருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே பிரிச்சிருப்பேனே.”